இரண்டு ஆற்றுப்படைகளுக்கு இடையே ஒரு நெடுஞ்சாலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எனக்குப் பிடித்த நெடுவழி' என்னும் பொதுத் தலைப்பில் நால்வர் பேச வேண்டும் என்று வட்டத்தார் பணித்தார்கள். எனக்கு முன் பேசிய நண்பர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நிலவையும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றையும், பாம்பன் பாலத்தின் இருமருங்கும் விரியும் கடலையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் எடுத்துக்கொண்ட சாலைக்கு அத்தகைய புகழ் இல்லை. அது திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரியை அடையும் சாலை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர். முன்பு அதற்குத் தேசிய நெடுஞ்சாலை எண் 66. 2010 ஆம் ஆண்டில் எண்களை மாற்றியமைத்தபோது 77 ஆயிற்று. அந்தப் பழைய 66 என்னும் எண் இப்போது பன்வேலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் மேற்குக் கடற்கரைச் சாலைக்கு உரியதாகிவிட்டது. என் தந்தையார் மட்டும் இன்றுவரை அதனை 'அறுபத்தாறு' என்றே சொல்லுகிறார்.

இச்சாலை எனக்கு உகந்ததாக இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நூல் வழியாக வந்தது. மற்றொன்று லாரி வழியாக வந்தது. நூலை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். லாரியைப் பற்றி நான் எந்த மேடையிலும் இதுவரை பேசியதில்லை.

கிடங்கிலும் செங்கண்மாவும்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். 1889 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றிய நாள் முதலாக இவற்றைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. ஆற்றுப்படை என்பது என்ன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டுவதில்லை. கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியருமாகிய கலைஞர்களுள் பரிசில் பெற்று மீள்பவர், பெறாது வருபவரை வழியிடைக் கண்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி, அங்கே செல்லும் வழியையும் காட்டுவது அதன் இலக்கணம். தொல்காப்பியம் இதனைப் புறத்திணையியலில் வைத்துப் பேசுகிறது.

இவ்வைந்தனுள் சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன் தலைவன் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில். அந்தக் கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக அதே பெயரோடு இருக்கிறது. மலைபடுகடாம், இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. அதுவே இன்றைய செங்கம். ஆக, திண்டிவனத்தில் பேருந்து ஏறிச் செங்கத்தில் இறங்கும் ஒருவர், ஓர் ஆற்றுப்படையின் தலைநகரில் புறப்பட்டு மற்றோர் ஆற்றுப்படையின் தலைநகரில் போய்ச் சேருகிறார். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரே சாலையின் மீது இரண்டு ஆற்றுப்படைகள் கிடக்கின்றன என்பதை நான் முதன்முதலில் வரைபடத்தில் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டும் வழி சொல்லும் நூல்களேயாயினும், சொல்லும் முறை வேறு. சிறுபாணாற்றுப்படையின் வழி சமநிலத்து வழி. எயிற்பட்டினத்தில் நுளையர் தரும் மீன், வேலூரில் எயிற்றியர் புளியிட்டுச் சமைத்த சூடான சோறு, ஆமூரில் உழவர் இல்லத்து வெண்சோறும் நண்டும் என்று, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதே அங்கு வழிச்செய்தி. எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும் ஆய்வாளர் கருதுவர். மலைபடுகடாமோ மலைவழி. 583 அடிகளில் ஒரு பகுதி இடர்களைப் பற்றியது. தினையை அழிக்கும் பன்றிகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறது. குழிகளில் பாம்பு உண்டு என்கிறது. புனங்காப்பவர் எறியும் கவண்கல் வரும், மரங்களின் மறைவில் ஒதுங்குங்கள் என்கிறது. இரவில் திசை தப்பினால் உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள், காடு காக்கும் கானவர் நீரில் மூழ்குபவரைக் காக்க ஓடி வருபவர்போல விரைந்து வந்து பழமும் பூவும் காட்டி முன்னே நடப்பார்கள் என்கிறது. அந்நூலில் ஓர் அறிவுரை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

உப்பு வண்டி

என் தந்தையார் மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர். கோடையில் உப்பு மூட்டைகளோடு திண்டிவனம் வந்து, இச்சாலையில் மேற்கே திரும்பிக் கிருஷ்ணகிரிக்குப் போவார். திரும்பும்போது மாங்காய் ஏற்றி வருவார். எனக்கு எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையில், 1988 முதல் 1992 வரை, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு நடையாவது என்னை உடன் அழைத்துச் சென்றார். பெண்பிள்ளையை லாரியில் ஏற்றுவதா என்று வீட்டில் சச்சரவு எழும். "எம் பொண்ணு ஊரு பாக்கட்டும்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

சங்க நூல்களில் உமணரைப் பற்றி வரும் இடங்களை நான் கல்லூரியில் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியோடு குடும்பமே செல்கிறது. குழந்தையை ஏந்திய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். எங்கள் லாரியின் கேபினிலும் அடுப்பு, அரிசி, ஊறுகாய்ப் பாட்டில் எல்லாம் இருந்தன. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உமணர் மேடுபள்ளங்களை எண்ணி வண்டியின் அடியில் சேமமாக ஓர் அச்சைக் கட்டிச் செல்வதை உவமையாக்குகிறார். புறநானூற்றின் 102 ஆம் பாட்டு அது. மாணவியருக்கு அதை விளக்கும்போது நான் 'ஸ்டெப்னி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவேன். வகுப்பு சிரிக்கும். ஆனால் மறவாது.

சிறுபாணாற்றுப்படையில் என் நெஞ்சை அறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாணனின் பழைய வறுமை. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் கிடக்கும் அடுக்களை. குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறார்கள். உப்பளத்துக்கு அருகில் பாடப்பட்ட நூலில் உப்பில்லாத கீரை! மூட்டை மூட்டையாக உப்பு ஏற்றிய என் தந்தையார் வீட்டில் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டுக் கதவும் அடைத்தே இருந்திருக்கிறது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்று பகுதிகள்

இந்தச் சாலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் மூன்று.

முதலாவது, திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரையிலான பகுதி. திண்டிவனம் என்னும் பெயரே திந்திரிணி வனம், புளியங்காடு என்னும் பொருளது என்பர். என் சிறுவயதில் இருபுறமும் புளியமரங்கள் நெருங்கி நின்று, மேலே கிளைகள் கோத்துக்கொண்டிருக்கும். நண்பகலிலும் கேபினுக்குள் வெயில் காசு காசாகத்தான் விழும். தந்தையார் அந்த மரங்களுக்கு அடையாளப் பெயர்கள் வைத்திருந்தார். கூன் விழுந்தது, இரட்டை, கரையான் புற்று உள்ளது. 'இரட்டைக்கு அப்புறம் ஒரு பள்ளம் வரும், காலைத் தூக்கு' என்பார். மரங்களுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் நெல். சிறுபாணாற்றுப்படையின் மருதம் அங்கே இன்னும் முற்றிலும் கலைந்துவிடவில்லை.

இரண்டாவது, செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வரை. செஞ்சியை நெருங்கும்போதே பாறைகள் குன்றுகளாக அடுக்கப்பட்டதுபோல் எழும். மனிதர் அடுக்கிய மதில் எது, இயற்கை அடுக்கிய பாறை எது என்று தொலைவிலிருந்து பிரித்தறிய இயலாது. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் மதில் வளைத்து நிற்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. தந்தையாருக்கு அது தேசிங்குராஜன் கோட்டை. 1714 இல் இளம் வயதில் போரில் மாண்ட அவனுடைய கதைப்பாடலைக் கோட்டை கண்ணில் படும்போதெல்லாம் முணுமுணுப்பார். செஞ்சி கடந்து கீழ்பென்னாத்தூரை நெருங்கும்போது அண்ணாமலை கண்ணில் படும். சாலை திரும்புந்தோறும் அம்மலை உருமாறும். ஒரு வளைவில் கூம்பாக நிற்கும். அடுத்த வளைவில் அகன்று அமர்ந்திருக்கும். மலை முதலில் கண்ணில் படும் இடத்தில் முகப்பு விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுவது தந்தையாரின் வழக்கம். பகலானாலும் அவ்வாறே செய்வார். அவர் செய்த வழிபாடு அவ்வளவுதான்.

மூன்றாவது, செங்கத்திலிருந்து சிங்காரப்பேட்டை வரை. மலைபடுகடாத்தின் நிலம் இங்குதான் தொடங்குகிறது. நூல் பாடும் சேயாறு செங்கத்தின் அருகே செய்யாறாக ஓடுகிறது. அது ஜவ்வாது மலையில் பிறந்து வருவது. நன்னனின் நவிரமலையைப் பர்வதமலை என்று கூறுவோர் உளர். செங்கத்துக்கு மேற்கே சாலை மலைகளுக்கிடையே நுழைகிறது. நெல் பின்தங்கிவிடும். காடும் பாறையும் முன்வந்து நிற்கும். இது வெறும் அழகான கணவாய் அன்று. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையும் மோதியது இந்தச் செங்கத்தில்தான். கூத்தர் பரிசில் நாடி நடந்த வழியில் பீரங்கி வண்டிகளும் சென்றிருக்கின்றன. வழி என்பது யாருக்கும் மறுப்புச் சொல்வதில்லை.

இப்பகுதி நடுகற்களின் நிலம். பல்லவர் காலத்து நடுகற்கள் இங்கு வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நின்றன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972 இல் வெளியிட்ட, இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை இங்குள்ள பலரும் கண்டிருப்பீர்கள். இதே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாய்க்கும் உருவம் வடித்திருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற நாய் அது. மலைபடுகடாமும், வழியில் பெயர் எழுதிய நடுகற்களைக் கண்டால் யாழிசைத்து வணங்கிச் செல்லுங்கள் என்று கூத்தருக்குச் சொல்லுகிறது. வழி என்பது முன்னர்ச் சென்று மாண்டவர்களும் நிற்கும் இடம் என்பதை அந்நூல் மறக்கவில்லை.

கிருஷ்ணகிரிக்கு அப்பால் தருமபுரிப் பக்கம் சென்றால் ஆதமன்கோட்டை. அங்கே கிடைத்த பழைய மைல்கல், அதியமான் பெருவழி என்று சாலையின் பெயரைச் சொல்லி, நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவையும் சொல்லுகிறது. எழுத்தோடு நில்லாமல் குழிகளையும் குடைந்து எண்ணிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வழிப்போக்கன் விரலால் தடவித் தொலைவை அறியலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தையாருக்கு இதைச் சொன்னபோது, "அந்தக் காலத்துலயே யோசிச்சிருக்கான் பாரு" என்றார்.

முடிந்து வைத்த புல்

இனி, பிறகு சொல்வதாகக் கூறிய அறிவுரைக்கு வருகிறேன். மலைபடுகடாம், கிளைவழிகள் பிரியும் இடத்தில், நீங்கள் செல்லும் வழியைத் துடைத்து, அங்கே புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறது. வழியறியாத புதியவர்கள் பின்னால் வருவார்கள் அல்லவா? அவர்களுக்கு அது அடையாளம்.

2006 ஆம் ஆண்டு, என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் 'வழியும் வழிகாட்டலும்' என்னும் இயலை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மழைநாள் இரவு. லோடு இல்லாமல் தந்தையார் வீட்டில் இருந்தார். இவ்வடிகளின் பொருளை அவருக்குச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இதத்தானே பாப்பா நாங்களும் பண்றோம். வண்டி நின்னுபோச்சுன்னா மொதல்ல கிளீனர் எறங்கித் தழை ஒடிக்கணும். நாப்பது அடிக்கு ஒண்ணு போடணும். அப்புறந்தான் என்ன கோளாறுன்னு பாக்கணும். பின்னாடி வர்றவன் நம்ம வண்டியப் பாத்து நிக்கக் கூடாது. தழையப் பாத்தே நிக்கணும்."

அவைக்கு இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னதைவிட அந்த அடிகளுக்குச் சிறந்த விளக்கத்தை நான் எந்த உரையிலும் கண்டதில்லை. ஆயினும் அதை ஆய்வேட்டில் நான் எழுதவில்லை. மேற்கோள் காட்ட நூல் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவன்று. வாய்மொழித் தேர்வில் 'தகவல் தந்தவர் யார்?' என்று யாரேனும் கேட்டால் 'லாரி ஓட்டுநர், என் தந்தை' என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று நாணினேன். 2009 இல் பட்டம் பெற்றேன். நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர் பெயர் இருக்கிறது. நூலகங்களின் பெயர்கள் இருக்கின்றன. 'என் பெற்றோர்க்கு' என்று ஒரு வரியும் இருக்கிறது. புல் முடிந்து வைத்தவரின் பெயர் இல்லை. வறுமையை மறைக்கக் கதவை அடைத்த பாணர் குடும்பத்தைப் பற்றி அதே ஆய்வேட்டில் உருக்கமாக எழுதியவளும் நான்தான்.

2013

சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. புளியமரங்கள் சாய்ந்தன. வேலை நெடுங்காலம் முடியாமல் கிடந்தது. ஒருபுறம் தோண்டிய பள்ளம், மறுபுறம் கொட்டிய ஜல்லி. நடுவில் பழைய தார்ச்சாலையின் மிச்சம்.

2013 ஆடி மாதத்தில் ஓர் இரவு. தூறல். செங்கத்துக்கு மேற்கே ஒரு வளைவில் லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. தழை போடவில்லை. தந்தையாரின் வண்டி அதன் மீது மோதியது. அவருடைய இடக்காலின் பாதத்தை எடுக்க நேர்ந்தது. கிளீனராக வந்த எங்கள் ஊர்ப் பையன் அங்கேயே உயிர் துறந்தான். அவனுக்கு வயது 19. தழை ஒடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தந்தையார்.

மருத்துவமனையில் நான் ஆத்திரத்தோடு பேசினேன். மரங்களை வெட்டியவர்களைச் சாடினேன். மரம் இருந்திருந்தால் அந்த ஓட்டுநர் ஒரு கிளையாவது ஒடித்துப் போட்டிருப்பார் என்றேன். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து பிறகு சொன்னார்: "மரம் இல்லன்னா என்ன? ஜல்லி கெடந்துதே. நாலு கல்ல எடுத்து வச்சிருக்கலாம். போடணும்னு அவனுக்குத் தோணல. பின்னாடி ஒருத்தன் வருவான்னு தோணல."

அந்த ஓட்டுநர் மீது அவர் வழக்காடவில்லை. ஆனால் அதன்பின் இந்தச் சாலைக்கு வரவும் இல்லை.

2024 கோடை விடுமுறையில் நான் என் காரில் அவரை அழைத்துச் சென்றேன். முதலில் மறுத்தார். மாங்காய்ப் பருவம் என்றதும் இசைந்தார். சாலை இப்போது அகன்று சீராக இருக்கிறது. அவர் காலத்தில் எட்டு மணி நேரம் பிடித்த வழியை அதில் பாதி நேரத்துக்குள் கடக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நிழலைவிட நேரம் பெரிது. என் கைப்பேசியில் ஒரு குரல் 'இடப்புறம் திரும்புக' என்று சொல்லிக்கொண்டே வந்தது. சற்று நேரம் கேட்டிருந்த தந்தையார், "இந்தம்மா இந்த ரோட்டுல வந்திருக்காங்களா?" என்று வினவினார். நான் சிரித்தேன். பிறகு சிந்தித்தேன். வழியை அறிந்த குரல் அது. ஆனால் வழியில் நடந்த குரல் அன்று. ஆற்றுப்படை பாடுபவன் தானே நடந்தவன். தன் கால் வழுக்கிய இடத்தைத்தான் வழுக்கும் என்கிறான். கைப்பேசியின் குரலை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி வரையில் வழி சொன்னவர் அவர்தான். கூன் விழுந்த மரம் நின்ற இடம், இரட்டை நின்ற இடம் என்று, இல்லாத மரங்களைக்கொண்டே வழி சொன்னார். மலை முதலில் கண்ணில் பட்ட இடத்தில் என் கையைத் தட்டினார். முகப்பு விளக்கை அணைத்து ஏற்றினேன்.

செங்கம் தாண்டி அந்த வளைவு வந்தபோது நிறுத்தச் சொன்னார். அங்கே நடுகல் எதுவும் இல்லை. எந்தப் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊன்றுகோலோடு இறங்கி, ஓரத்தில் நின்ற ஆவாரஞ்செடியில் ஒரு கிளையை ஒடித்து, சாலையோரத்தில் வைத்தார். என்னிடம் யாழ் இல்லை. பேசாமல் நின்றிருந்தேன்.

நமக்கு

கவிஞர் பெருமக்களே! நெடுவழியைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் என் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டு நிறைவென்பது திரும்பிப் பார்க்கும் நேரம். திரும்பிப் பார்க்கும்போது நாம் கடந்த தொலைவை மட்டும் அளப்பது போதாது. பின்னால் யார் வருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

வட்டத்தின் மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவி தன் முதற்கவிதையை இங்கு வந்து படித்தாள். கை நடுங்கப் படித்தாள். நாம் அதன் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னோம். சொன்னவை யாவும் சரியே. மிகுதியாகச் சொன்னவள் நான். அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. மலைபடுகடாமும் குறைகளைச் சொல்லும் நூல்தான். பாம்பும் பொறியும் கவண்கல்லும் வழுக்குப் பாறையும் அதில் உண்டு. ஆனால் ஒவ்வோர் இடரைச் சொல்லுந்தோறும் அதைத் தாண்டும் வகையையும் உடன் சொல்லுகிறது. நாம் அந்தப் பெண்ணுக்குக் குழியைக் காட்டினோம். வழியைக் காட்டவில்லை. பழுதான வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டுத் தழை போடாமல் போன ஓட்டுநரை நான் மன்னிக்க மறுத்துவந்தேன். அன்று இக்கூட்டத்தில் நானும் அவரைப்போலத்தான் நடந்துகொண்டேன்.

ஆற்றுப்படை பரிசில் பெற்றவனின் பாட்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வழியில் நின்று இன்னொருவனுக்கு எடுத்துரைக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. தன் பரிசிலோடு வீட்டுக்கு விரையலாம். ஆனாலும் நிற்கிறான். வருகிறவன் நாளை தனக்குப் போட்டியாக அதே வள்ளலின் வாயிலில் நிற்பான் என்று அறிந்தும் வழி சொல்லுகிறான். நம் மொழியில் அதற்கு ஓர் இலக்கிய வகையையே அமைத்தார்கள். இங்குள்ள நம்மில் பலர் நூல் வெளியிட்டிருக்கிறோம், பரிசு பெற்றிருக்கிறோம், பட்டம் பெற்றிருக்கிறோம். நாம் பெற்றவர்கள். ஆகவே நிற்க வேண்டியவர்களும் நாமே.

ஆகவே இரண்டு செய்திகளைச் சொல்லி அமைகிறேன். ஒன்று, வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டம் முதல், புதிதாகக் கவிதை படிக்க வருகிற ஒவ்வொருவர் அருகிலும் நம்மில் மூத்தவர் ஒருவர் அமர வேண்டும். குறை சொல்பவர் யாரோ அவரே அடுத்த வாரம் அந்தக் கவிஞரோடு அமர்ந்து அக்கவிதையை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். முதலில் அப்பணியை ஏற்பவள் நானாக இருக்க விரும்புகிறேன். அந்த மாணவியின் முகவரி யாரிடமேனும் இருந்தால் எனக்குத் தாருங்கள்.

மற்றொன்று, என் ஆய்வேடு இவ்வாண்டு நூலாக அச்சேறவிருக்கிறது. மலைபடுகடாத்தின் அந்த அடிகளுக்கு உரிய பக்கத்தில், அடிக்குறிப்பாக அன்று, உரைப்பகுதியிலேயே ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். தழை போடும் முறை, எத்தனை அடிக்கு ஒன்று, முதலில் எது, பிறகு எது என்று அதில் இருக்கிறது. தகவல் தந்தவர் என்னும் இடத்தில் என் தந்தையாரின் பெயரும், அதன்கீழ் 'லாரி ஓட்டுநர், மரக்காணம்–கிருஷ்ணகிரி' என்றும் எழுதியிருக்கிறேன். அச்சுப் பிழை திருத்தும் தாளை அவரிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "நாப்பது அடி போதாது பாப்பா. இப்ப வண்டியெல்லாம் வேகமா வருது. நூறுன்னு போடு."

நூறு என்றே திருத்தியிருக்கிறேன்.